ஸ்கேல் பண்ணியதும் குறி மாறிவிட்டது, எதை நம்புவது?

பெருங்குடியில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் டேட்டா வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"சென்னை வீட்டு வாடகைக்கு ஆர் மென்பொருளில் ரெக்ரஷன் மாடல் (வாடகையை மற்ற எண்களிலிருந்து கணிக்கும் சமன்பாடு) போடுகிறேன். வீட்டின் சதுர அடி, பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர், இரண்டையும் பெருக்கி வரும் இன்டராக்‌ஷன், இவ்வளவுதான். தூரத்தின் கெழு (தூரத்தைப் பெருக்கும் எண்) பிளஸ்ஸில் வந்தது, அதாவது மெட்ரோவை விட்டுத் தள்ளிப் போகப் போக வாடகை ஏறுகிறதாம்! பி-வேல்யூவும் (விடை தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்கும் எண்) சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நண்பர் ஒருவர் ஸ்கேல் பண்ணச் சொன்னார், அதாவது ஒவ்வொரு பத்தியிலும் சராசரியைக் கழித்துவிட்டுத் திட்டவிலக்கத்தால் (எண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற அளவு) வகுக்கச் சொன்னார். பண்ணியதும் அதே கெழு மைனஸ் ஆகி, பக்கத்தில் மூன்று நட்சத்திரமும் (பி-வேல்யூ மிகச் சிறியது என்பதற்கு ஆர் போடும் குறி) வந்துவிட்டது. மல்டிகாலினியாரிட்டி (மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது) ஒழிந்தது, அதனால்தான் என்கிறார் நண்பர். டேட்டாவைக் குடைந்து வேண்டிய பதிலை வரவழைத்திருக்கிறாய் என்கிறார் மேனேஜர். யார் சொல்வது சரி? அப்புறம், புதிதாக வந்த வீடுகளுக்கு இதை வைத்து வாடகை கணித்தால் எல்லாம் ஏறுக்கு மாறாக வருகிறது. 2012 முதல் 2023 வரையிலான ஒப்பந்த வருடத்தையும் அதன் இருமடி, மும்மடியையும் சேர்த்தால் ஒரு வரியில் வெறும் என்ஏ (விடை இல்லை) மட்டும் நிற்கிறது. இதற்கும் ஸ்கேல் பண்ணாததுதான் காரணமா?"

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மேனேஜர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை, குறி மாறினால் யாருக்கும் சந்தேகம் வரும். நண்பர் சொன்ன வைத்தியமும் சரிதான், ஆனால் அவர் சொல்லும் நோய் உங்கள் மாடலில் இல்லவே இல்லை. நடந்தது என்னவென்றால், முதல் மாடலில் அந்தக் கெழு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது, இரண்டாவதில் வேறொரு கேள்விக்குச் சொல்கிறது. மாடல் மாறவில்லை.

உங்கள் அவுட்புட்டை நீங்கள் அனுப்பவில்லை, அதனால் கணக்குப் போட வசதியாக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். வாடகைக்கு மாடல் கொடுத்த சமன்பாடு இப்படி என்று வையுங்கள்: 2,000 ரூபாய், அதோடு சதுர அடிக்கு 22 ரூபாய், கிலோமீட்டருக்கு 900 ரூபாய், சதுர அடியையும் கிலோமீட்டரையும் பெருக்கி வருவதற்கு மைனஸ் 2 ரூபாய். இதில் அந்தப் பிளஸ் 900 யாருக்குப் பொருந்தும்? இன்டராக்‌ஷன் இருக்கும் மாடலில் தூரத்தின் கெழு என்பது "சதுர அடி பூஜ்யமாக இருக்கும்போது ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் என்ன ஆகும்" என்பது. பூஜ்யம் சதுர அடி வீடு! அப்படி ஒரு வீட்டை நம் ஊர் புரோக்கர்கூடக் காட்ட மாட்டார். மென்பொருளுக்கு அதெல்லாம் தெரியாது, நீங்கள் பூஜ்யம் என்று எதை வைத்திருக்கிறீர்களோ அங்கே நின்றுகொண்டுதான் அது பதில் சொல்லும். 850 சதுர அடி வீட்டில் நின்று பாருங்கள், 900-இலிருந்து 2 பெருக்கல் 850-ஐக் கழிக்க வேண்டும், மைனஸ் 800 வருகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளினால் 800 ரூபாய் குறைகிறது. 450 சதுர அடியில் நின்றால் சரியாகப் பூஜ்யம், அந்த அளவு வீட்டுக்கு மெட்ரோ தூரத்தால் வித்தியாசமே இல்லை. பிளஸ், பூஜ்யம், மைனஸ் மூன்றும் முதல் மாடலுக்குள்ளேயே இருந்தன. ஸ்கேல் பண்ணியது நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் நகர்த்தியது.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் தரைமட்டத்தை விசாரிக்கிறார்கள் இல்லையா? கடல் மட்டத்திலிருந்து அளந்தால் ஒரு எண், வாசல் ரோட்டிலிருந்து அளந்தால் இன்னொரு எண், ரோடு உயர்ந்துவிட்ட தெருக்களில் இந்த இரண்டாவது எண் மைனஸாகவே இருக்கும். வீடு என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சென்டரிங், அதாவது ஒரு எண்ணைக் கழித்துப் பூஜ்யத்தை நகர்த்துவது, அவ்வளவுதான்.

மேனேஜருக்குக் கையில் காட்ட ஒன்று வேண்டுமென்றால், சதுர அடியில் 850-ஐயும் தூரத்தில் 2-ஐயும் கழித்துவிட்டு அதே மாடலைத் திரும்ப ஓட்டுங்கள். என் எண்களின்படி இன்டர்செப்ட் (தனியாக நிற்கும் முதல் எண்) 19,100 ஆகும், சதுர அடிக்கு 18, கிலோமீட்டருக்கு மைனஸ் 800, இன்டராக்‌ஷன் அதே மைனஸ் 2. இப்போது 1,000 சதுர அடி, 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சமன்பாட்டில் 2,000 கூட்டல் 22,000 கூட்டல் 2,700 கழித்தல் 6,000, ஆக 20,700. புதியதில் 19,100 கூட்டல் 2,700 கழித்தல் 800 கழித்தல் 300, அதுவும் 20,700. எந்த வீட்டை எடுத்தாலும் இப்படித்தான் வரும். ஆர்-ஸ்கொயர் (மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறாது, ரெசிடுவல் (நிஜ வாடகைக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசம்) மாறாது, இன்டராக்‌ஷனின் டி மதிப்பும் பி-வேல்யூவும் புள்ளி பிசகாது. டேட்டாவைக் குடைந்தவர் யாரும் கணிப்பை ஒரு ரூபாய்கூட மாற்றாமல் குடைய முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் மூன்று நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? 850 சதுர அடிக்குப் பக்கத்தில் உங்களிடம் நிறைய வீடுகள் இருக்கின்றன, அங்கே தூரத்தின் சரிவை மாடலால் உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஸ்டாண்டர்ட் எரர் (கெழு எவ்வளவு நிச்சயமில்லாதது என்ற அளவு) சின்னதாக இருக்கிறது. பூஜ்யம் சதுர அடியில் ஒரு வீடும் இல்லை, கோட்டை அதுவரை நீட்டித்தான் சொல்ல வேண்டும், அதனால் எரர் பெரிதாகிறது. மல்டிகாலினியாரிட்டி என்று உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான். சென்டர் பண்ணினால் தூரத்துக்கும் பெருக்கல் பத்திக்கும் இருக்கும் தொடர்பு குறையும், மல்டிகாலினியாரிட்டியை அளக்கும் விஐஎஃப் எண் அழகாக இறங்கும், ஆனால் அது ஒப்பனை. டேட்டாவில் புதிதாக ஒரு தகவலும் நுழையவில்லை. நிஜமான மல்டிகாலினியாரிட்டி வேண்டுமென்றால் சதுர அடியோடு பெட்ரூம் எண்ணிக்கையையும் மாடலில் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு நீங்கள் எதைக் கழித்தாலும் எதால் வகுத்தாலும் இம்மி குறையாது. அதற்கு சென்டரிங் மருந்தே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆரில் ஃபார்முலாவுக்குள் நட்சத்திரக் குறி போட்டால், கழித்த பிறகுதான் பெருக்கும். நீங்கள் எக்ஸலில் பெருக்கல் பத்தியை முதலிலேயே தயார் பண்ணி வைத்துக்கொண்டு, அப்புறம் மூன்று பத்திகளையும் தனித்தனியாக ஸ்கேல் பண்ணினால் கதை வேறு. அப்போது தூரத்தின் கெழு இன்னமும் பூஜ்யம் சதுர அடி வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும், வெளியே பார்த்தால் ஸ்கேல் பண்ணியது போல இருக்கும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தரும் பீட்டா (ஸ்டாண்டர்டைஸ் பண்ணிய கெழு) பத்தியிலும் இதே சிக்கல் உண்டு, நீங்கள் கொடுத்த பெருக்கல் பத்தியை அது இன்னொரு சாதாரணப் பத்தி மாதிரிதான் நினைத்து ஸ்டாண்டர்டைஸ் பண்ணும்.

இதுவரை கழிப்பதைப் பற்றி மட்டும்தான் பேசினேன். ஸ்கேல் ஃபங்ஷன் இன்னொரு வேலையும் செய்கிறது, திட்டவிலக்கத்தால் வகுக்கிறது. இது வெறும் அலகு மாற்றம். சதுர அடியின் திட்டவிலக்கம் 300 என்றால் 18 ரூபாய் என்பது 5,400 ஆகத் தெரியும், தூரத்தின் திட்டவிலக்கம் 1.5 என்றால் மைனஸ் 800 என்பது மைனஸ் 1,200 ஆகத் தெரியும், இன்டராக்‌ஷன் இரண்டாலும் பெருகி மைனஸ் 900 ஆகும். திரும்ப ரூபாய்க்கு வர வேண்டுமென்றால் அந்தந்தத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் போதும், இன்டராக்‌ஷனை இரண்டின் பெருக்கலால், அதாவது 450-ஆல் வகுக்க வேண்டும், மைனஸ் 2 வந்து நிற்கும்.

ஆனால் எதற்கு இந்தச் சுற்று? உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கப்போவது விற்பனைப் பிரிவு ஆட்கள். "சதுர அடி ஒரு திட்டவிலக்கம் கூடினால் வாடகை 5,400 கூடும்" என்று எழுதினால் அவர்கள் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். சதுர அடியை 100-ஆல் வகுத்துவிடுங்கள், "நூறு சதுர அடி கூடினால் 1,800 ரூபாய்", ஊரே இப்படித்தான் பேசுகிறது. என் பழக்கத்தைக் கேட்டால், கழிப்பதற்கும் வகுப்பதற்கும் டேட்டாவின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் எடுப்பது கடைசி வழி. சராசரி 847.3 என்று வந்தால் 850-ஐக் கழியுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஏனென்றால் எந்த எண்ணைக் கழித்தாலும் மாடல் அதேதான். திட்டவிலக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு, அது டேட்டாவுக்கு டேட்டா மாறும். தி.நகர் டேட்டாவில் ஒரு திட்டவிலக்கம் என்பது ஒன்று, தாம்பரத்தில் இன்னொன்று, இரண்டு ஊர் பீட்டாக்களையும் பக்கத்தில் வைத்து "இங்கே மெட்ரோவுக்கு மவுசு அதிகம்" என்று பேசினால் அது வெறும் பேச்சு.

கார் பார்க்கிங் உண்டா இல்லையா என்ற 0, 1 பத்தியையும் சேர்த்து ஸ்கேல் பண்ணியிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்து வீட்டில் மூன்றில் பார்க்கிங் இருந்தால், இல்லை என்பது மைனஸ் 0.65 ஆகவும் உண்டு என்பது 1.53 ஆகவும் மாறும். இதை யாரிடம் எப்படி விளக்குவீர்கள்? அதை அப்படியே விட்டுவிடுங்கள். 0, 1 பத்தியோடு மற்றவற்றை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2008-இல் ஒரு யோசனை சொன்னார், மற்ற மாறிகளை ஒரு திட்டவிலக்கத்தால் வகுக்காமல் இரண்டு திட்டவிலக்கத்தால் வகுக்கச் சொன்னார். பாதிக்குப் பாதி இருக்கும் 0, 1 பத்தியின் திட்டவிலக்கம் 0.5, அதனால் இல்லையிலிருந்து உண்டுக்குத் தாவுவது இரண்டு திட்டவிலக்கம், கணக்கு ஒத்துப்போகிறது.

சரி, புதிய வீடுகளுக்கு ஏன் ஏறுக்கு மாறாக வருகிறது? நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன், புதிதாக வந்த பட்டியலுக்கும் தனியாக ஒரு தடவை ஸ்கேல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இருந்ததெல்லாம் அண்ணாநகர் பக்கம் பெரிய பெரிய வீடுகளாக இருந்தால், அவற்றின் சொந்த சராசரியைக் கழித்ததும் எல்லாம் பூஜ்யத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடும், மாடல் அவற்றை 850 சதுர அடி வீடு என்று நினைத்து விலை போடும். பழைய டேட்டாவின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும்தான் புதியவற்றுக்கும் பயன்படுத்த வேண்டும். ஆரின் ஸ்கேல் அந்த எண்களைத் தூக்கிப் போடுவதில்லை, விடையின் ஆட்ரிபியூட்டாக ஒட்டியே வைத்திருக்கிறது, ஆனால் நீங்கள் ஆஸ்.நியூமெரிக் போட்டு அதைச் சாதாரணப் பத்தியாக்கினால் உதிர்ந்துவிடும், அதற்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (அது பத்தியாக இல்லாமல் மேட்ரிக்ஸாகத் திரும்பி வருவது ஒரு தனி இம்சை, அதனால்தான் எல்லாரும் ஆஸ்.நியூமெரிக் போடுகிறார்கள்.) இதைவிடச் சுலபமான வழி, ஸ்கேலை, ஆரில் ரெக்ரஷன் போடும் எல்எம் ஃபங்ஷனின் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதிவிடுவது. அப்படி எழுதினால் ப்ரெடிக்ட் ஃபங்ஷன் பழைய எண்களை ஞாபகம் வைத்திருந்து புதிய டேட்டாவுக்கும் அதையே கழிக்கும். பலருக்கு இது தெரியாது.

ஒரே ஒரு வீட்டை மட்டும் தனியாக ஸ்கேல் பண்ணிப் பாருங்கள், தப்பு உடனே புரியும். ஆரில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து என்ஏஎன் (எண்ணே இல்லை) என்று திருப்பி அடிக்கும். பைத்தானின் ஸ்டாண்டர்ட்ஸ்கேலர் திட்டவிலக்கம் பூஜ்யமானால் 1 என்று எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் 0 என்று கொடுத்துவிடும், மாடலும் ஒரு வாடகையைச் சொல்லிவிடும், அது தப்பு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஆரின் முரட்டுத்தனம்தான் பிடிக்கிறது.

பைத்தான் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டிலும் ஒரே டேட்டாவைப் போட்டு விடை கொஞ்சம் விலகினால் பதற வேண்டாம். ஆரின் ஸ்கேல், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுத்துத் திட்டவிலக்கம் எடுக்கும், ஸ்டாண்டர்ட்ஸ்கேலர் முழு எண்ணிக்கையால் வகுக்கும். பைத்தானின் நம்பை, பாண்டாஸ் நூலகங்கள் இரண்டுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. 30 வரிகள் இருந்தால் 1.7 சதவீதம், ஆயிரக்கணக்கில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பொறி, ஆரில் சென்டர் வேண்டாம் ஸ்கேல் மட்டும் போதும் என்று சொன்னால் அது திட்டவிலக்கத்தால் வகுக்காது, பூஜ்யத்திலிருந்து அளந்த ஆர்எம்எஸ் (இருமடிகளின் சராசரியின் வர்க்கமூலம்) மதிப்பால் வகுக்கும். உதவிப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

"அப்போ ஸ்கேலிங் வெறும் அலகு விஷயம்தானா, எப்போதுமே விட்டுவிடலாமா" என்று கேட்டுவிடாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் சாதாரண ரெக்ரஷனுக்கு. கெழுக்களைச் சுருக்கிவைக்கும் லாஸ்ஸோ, ரிட்ஜ் வகை ரெக்ரஷன் போடும்போது மென்பொருள் கெழுவின் அளவைப் பார்த்து அபராதம் போடுகிறது, தூரத்தை மீட்டரில் கொடுத்தால் கெழு மைனஸ் 0.8, கிலோமீட்டரில் கொடுத்தால் மைனஸ் 800, அபராதம் தலைகீழாக மாறிவிடும், விடையும் மாறிவிடும். அங்கே ஸ்கேல் பண்ணியே ஆக வேண்டும். ஆரின் ஜிஎல்எம்நெட் தொகுப்பு கேட்காமலே உள்ளுக்குள் அதைச் செய்துவிட்டுக் கெழுக்களைப் பழைய அலகிலேயே திருப்பித் தருகிறது, பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்து லாஸ்ஸோ செய்வதில்லை, நீங்கள்தான் முன்னால் ஒரு ஸ்கேலரை மாட்ட வேண்டும், அதுவும் பைப்லைனுக்குள், கிராஸ் வேலிடேஷனின் (டேட்டாவைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதிப்பது) ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சி டேட்டாவிலிருந்து மட்டும் சராசரி எடுக்கும்படி. வரிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கும் முறைகளும் அப்படியே. வீடுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸில் சதுர அடி நூற்றுக்கணக்கிலும் கிலோமீட்டர் ஒற்றை இலக்கத்திலும் இருந்தால் கிலோமீட்டர் இருப்பதே அதற்குத் தெரியாது. பல பத்திகளைச் சில பத்திகளாகச் சுருக்கும் பிசிஏ-வுக்கு ஆரின் பிஆர்காம்ப் தானாகச் சென்டர் பண்ணும், ஸ்கேல் பண்ணாது, அதை நீங்கள் சொல்லித்தான் போட வேண்டும். முடிவு மரங்களை வைத்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட்டுக்கு எதுவும் வேண்டாம். அப்புறம், வாடகை ஒரு பக்கம் வால் நீண்டு கிடக்கிறது, ஸ்கேல் பண்ணினால் மணி வடிவம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமின் வடிவம் அச்சு அசலாக அப்படியே இருக்கும், அச்சில் எழுதியிருக்கும் எண்கள்தான் மாறும். அதற்கு லாக் எடுத்துப் பாருங்கள்.

வருடத்து என்ஏ-வுக்கு வருகிறேன். 2012 முதல் 2023 வரையிலான எண்களை மும்மடி ஆக்கினால் எல்லாம் 800 கோடிக்கு மேல் போய் நிற்கும், வருடமும் அதன் இருமடியும் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் தாண்டி அதில் மிஞ்சுவது அந்த 800 கோடியில் தூசு அளவுதான். எல்எம் உள்ளே வைத்திருக்கும் சகிப்பு எல்லை கோடியில் ஒரு பங்கு, மிஞ்சுவது அதற்கும் கீழே போய்விடுவதால் "இது மற்ற பத்திகளின் நகல்" என்று முடிவுகட்டி அந்த வரியைக் கழற்றிவிடுகிறது. இங்கே சென்டரிங் நிஜமாகவே தேவை, விளக்கத்துக்காக இல்லை, கம்ப்யூட்டர் கணக்குப் போட முடிவதற்காக. வருடத்திலிருந்து 2015-ஐக் கழித்துவிட்டு ஓட்டுங்கள், என்ஏ போய்விடும். ஆரின் எல்எம்இ4 தொகுப்பில் "மாறிகள் வெவ்வேறு அளவில் இருக்கின்றன, ரீஸ்கேல் பண்ணிப் பாருங்கள்" என்ற எச்சரிக்கை வருவதும் பெரும்பாலும் இந்த வகைத் தொல்லைதான், அங்கே பேசாமல் ரீஸ்கேல் பண்ணிவிடுங்கள். அது சரி, பன்னிரண்டே வருடங்களுக்கு மும்மடி எதற்கு? அதை முதலில் யோசியுங்கள்.

மாநகராட்சியின் மண்டலங்களையும் மாடலில் சேர்க்கப்போவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தந்த மண்டலத்தின் சராசரியைக் கழிக்கும் யோசனை இருந்தால் நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள், ஏனென்றால் அது ஒரே எண்ணை எல்லாரிடமிருந்தும் கழிப்பது போல இல்லை. அடையாறில் ஒரு எண், மணலியில் ஒரு எண் என்று கழித்தால் கேள்வி மட்டுமல்ல, மாடலே மாறும். "ஒரே மண்டலத்துக்குள் மெட்ரோவுக்குப் பக்கத்து வீடும் தூரத்து வீடும் எப்படி வேறுபடுகின்றன" என்பது ஒன்று, "மெட்ரோ பக்கத்தில் இருக்கும் மண்டலங்களில் வாடகை எப்படி" என்பது இன்னொன்று. இரண்டும் வேண்டுமென்றால் மண்டல சராசரியையும் தனிப் பத்தியாக உள்ளே வையுங்கள்.

வருடத்திலிருந்து கழிக்க 2015-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. சென்னையில் மெட்ரோ முதல்முதலாக ஓடியது 2015 ஜூனில், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை. முதல் கட்டம் வண்ணாரப்பேட்டை வரை முழுசாக வந்தது 2019 பிப்ரவரியில், அங்கிருந்து விம்கோ நகருக்கு நீண்டது 2021 பிப்ரவரியில். உங்கள் டேட்டா 2012-இல் தொடங்குகிறது. 2013-இல் திருவொற்றியூரில் போட்ட ஒப்பந்தத்துக்கு மெட்ரோ எத்தனை கிலோமீட்டர் என்று அந்தப் பத்தியில் எதை எழுதியிருக்கிறீர்கள்? இன்றைய வரைபடத்தை வைத்து அளந்திருந்தால், இல்லாத ஸ்டேஷனுக்கு மாடல் இவ்வளவு நாள் தூரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒப்பந்த மாதத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டேஷன்களுக்கு மட்டும் தூரத்தை மறுபடி அளந்துவிட்டு, 2015 ஜூனுக்கு முந்தைய வீடுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, 850-ஐயும் 2-ஐயும் கழித்து, சதுர அடியை நூறால் வகுத்து ஓட்டிப் பாருங்கள். வரும் அவுட்புட்டை அப்படியே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.